சித்தன்னவாசல் மலையைச் சுற்றி வருவோம்

மலை என்றதும் நம்மில் பலருக்கு உதகையும் கொடைக்கானலும்தான் நினைவுக்கு வருகின்றன. அவற்றைக் காண நெடுந்தூரம் செல்ல வேண்டும்; பணமும் செலவாகும். நம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே, ஒரு காலைப் பொழுதில் ஏறி இறங்கிச் சுற்றி வரத்தக்க மலையொன்று இருக்கிறது. நகரிலிருந்து அன்னவாசல் செல்லும் வழியில், சுமார் 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சித்தன்னவாசலே அது. அதன் உயரம் ஏறக்குறைய 70 மீட்டர்தான். எனினும், இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றை அது தாங்கி நிற்கிறது.

மலையின் அமைப்பு

இம்மலை வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. மரங்களடர்ந்த மலை அன்று. பெரும்பாலும் மொட்டைப் பாறை. சுற்றியிருந்த மென்மையான பகுதிகள் பல கோடி ஆண்டுகளாக மழையாலும் காற்றாலும் கரைந்து போயின. கடினமான பாறை மட்டும் கரையாமல் எஞ்சி நின்றது. நார்த்தாமலை, குடுமியான்மலை முதலிய நம் மாவட்டத்துக் குன்றுகளின் கதையும் இதுவே. பகல் வெயிலில் விரிந்து, இரவுக் குளிரில் சுருங்கி, மழைநீர் வெடிப்புகளில் புகப் புக, பாறை வெங்காயச் சருகு போல ஏடு ஏடாக உரிகிறது. அவ்வாறு அடிப்பகுதி உதிர்ந்து மேற்பகுதி கூரை போல நீண்டு நிற்கும் இடங்களே இயற்கைக் குகைகள்.

ஏறும் வழி

மேற்கு அடிவாரத்திலிருந்து நாம் ஏறத் தொடங்குகிறோம். வழி சற்றுச் செங்குத்தானது. முகட்டை அடைந்ததும் காற்று நம்மை வரவேற்கிறது. அங்கிருந்து கீழே நோக்கினால் கண்கொள்ளாக் காட்சி! செம்மண் பூமியும், பச்சை வயல்களும், பனை மரங்களும், மழைக்காலமானால் கண்ணாடி போல மின்னும் கண்மாய்களும், இடையிடையே தலைதூக்கும் குன்றுகளும் தெரிகின்றன. பெரிய ஆறு பாயாத இம்மண்ணில் மழைநீரைத் தேக்கி வைத்து உழவு செய்த நம் முன்னோரின் அறிவை, பாடப் புத்தகத்தைவிட இந்த முகடு தெளிவாகக் காட்டுகிறது எனலாம்.

மலையைச் சூழ்ந்த நிலத்தில் கல்வட்டங்களும் முதுமக்கள் தாழிகளும் காணப்படுகின்றன. எழுத்து வழங்குவதற்கு முன்பே இங்கே மக்கள் வாழ்ந்தனர் என்பதற்கு அவை சான்றாகும்.

ஏழடிப்பட்டம்

முகட்டைக் கடந்து கிழக்குப் பக்கம் செல்கிறோம். இங்கே வழி குறுகுகிறது. ஒருபுறம் பாறைச் சுவர், மறுபுறம் பள்ளம். அக்காலத்தில் கால் வைத்து ஏறுவதற்காகப் பாறையில் ஏழு குழிகள் வெட்டினர். அதனால் இவ்விடம் ஏழடிப்பட்டம் என்று பெயர் பெற்றது. இன்று இரும்புக் கம்பித் தடுப்பு இருப்பதால் அச்சமின்றி நடக்கலாம். ஆயினும் ஒருவர் பின் ஒருவராகச் செல்வதே நல்லது.

வழியின் முடிவில் குகை இருக்கிறது. அதனுள் வழவழப்பாகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள் உள்ளன. தலையணையும் கல்லே! உலக ஆசைகளைத் துறந்த சமண முனிவர்கள் இங்கே தங்கித் தவம் செய்தனர். படுக்கைகளுள் பெரியதும் பழமையானதுமான ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் உள்ளன. அவை சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி ஈதன் என்பவருக்காகச் சிறுபாவில் இளையர் என்பவர் இந்த இருக்கையைச் செய்து கொடுத்தார் என்பது அவற்றின் பொருள். எருமி நாடு இன்றைய மைசூர்ப் பகுதி என்று அறிஞர்கள் கருதுகின்றனர். தொலைவிலிருந்து வந்த ஒருவருக்கு இவ்வூர் இடம் கொடுத்திருக்கிறது. திருநீலன், திருப்பூரணன் முதலிய முனிவர்களின் பெயர்கள் பிற்கால எழுத்தில் மற்றப் படுக்கைகளருகே காணப்படுகின்றன. ஆகவே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இக்குகையில் தவவாழ்வு தொடர்ந்தது என்று அறிகிறோம்.

இம்மலையில் நாவல் சுனை என்னும் சிறிய சுனையும் உண்டு. அதன் நீருக்குள் பாறையில் குடைந்த சிவன் கோயில் ஒன்று மறைந்திருக்கிறது. நீர் குறைந்தாலன்றி அதைக் காண இயலாது.

அறிவர் கோயில்

வந்த வழியே முகடேறி இறங்கி, மேற்குச் சரிவிலுள்ள அறிவர் கோயிலுக்கு வந்தால் நம் சுற்று நிறைவு பெறும். ‘அறிவர்’ என்பது அருகரைக் குறிக்கும் சொல். இது பாறையைக் குடைந்து ஆக்கிய சமணக் கோயில். பாண்டிய மன்னன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்து முகமண்டபமும் எடுப்பித்தார் என்று இங்குள்ள கல்வெட்டு கூறுகிறது.

கூரையை அண்ணாந்து பார்த்தால் அங்கே ஒரு தாமரைக் குளம்! மலர்களும் மொட்டுகளும், மீன்களும் அன்னங்களும், யானையும் எருமையும் நிறைந்த அக்குளத்தில் மூவர் மலர் பறிக்கின்றனர். தூண்களில் ஆடல் மகளிர் இருவர். ஓர் அரசனும் அரசியும் உள்ளனர். பாறைமேல் சுண்ணச் சாந்து பூசி, காவி, மஞ்சள் மண், பச்சை மண், கரி, சுண்ணாம்பு முதலியவற்றால் தீட்டிய ஓவியங்கள் இவை. அஜந்தாவின் கலைமரபு தெற்கிலும் தழைத்தது என்பதற்குச் சிறந்த சான்றாக இவற்றைப் போற்றுகின்றனர்.

நம் கடமை

ஆனால் இன்று எஞ்சியிருப்பது ஒரு பகுதிதான். ஈரமும் புகையும் காலமும் சிதைத்தது பாதி; மனிதக் கைகள் சிதைத்தது மீதி. பாறையிலும் சுவரிலும் தம் பெயரைக் கீறிவிட்டுச் செல்வோர் உண்டு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே பெயர் பொறித்தவர், இன்னொருவருக்கு இருக்கை செய்து கொடுத்துவிட்டுப் பொறித்தார். நாமோ ஒன்றும் கொடுக்காமல், இருப்பதையும் கெடுத்துப் பெயர் எழுதலாமா? தொல்லியல் துறை வேலி போடலாம், காவலரை நிறுத்தலாம். அவர்கள் பார்க்காத நொடியிலும் ஆணியை எடுக்காத மனம் நம்மிடம்தான் இருக்க வேண்டும். ஓவியத்தைத் தொடுவதும் கூடாது. விரலின் வியர்வையும் எண்ணெயும் வண்ணத்தை மெல்ல மெல்லக் கெடுக்கும்.

செல்வோருக்குச் சில குறிப்புகள்: காலையில் வெயில் ஏறுமுன் மலையேறுக. பாறை சுடத் தொடங்கினால் நடப்பது கடினம். வழுக்காத காலணியும் குடிநீரும் தேவை. மழை பெய்த உடனே ஏற வேண்டாம். உணவுப் பொட்டலங்களின் காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் திரும்பக் கொண்டு வருக.

சமஸ்தானமாக இருந்து 1948-இல் இந்தியாவுடன் இணைந்து, 1974-இல் தனி மாவட்டமான புதுக்கோட்டையின் பெருஞ்செல்வம் இம்மலை. பெற்றோர் தம் பிள்ளைகளை ஒருமுறையேனும் அங்கே அழைத்துச் செல்ல வேண்டும். கல்லில் படுத்துறங்கியவர்கள் நமக்காக ஒரு தாமரைக் குளத்தை விட்டுச் சென்றிருக்கிறார்கள். அது வாடாமல் அடுத்த தலைமுறையின் கண்களுக்கும் கிடைக்கச் செய்வது, இன்று படிக்கும் மாணவியராகிய நம் பொறுப்பாகும்.