கப்சாயை விட்டு மின்சார மோட்டாருக்கு மாறலாமா?

காலை நிகழ்ச்சியில் பெட்ரோல் என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும், நிலையத்துத் தொலைபேசி ஓயாது. அண்மைக் காலமாக அந்த அழைப்புகளுக்கு நடுவே இன்னொரு கேள்வியும் வருகிறது. "மின்சார மோட்டார் வாங்கலாமா அண்ணா? தினமும் வேலைக்குப் போய் வரத் தாங்குமா?" இரண்டு பாட்டுகளுக்கு நடுவில் கிடைக்கும் ஒரு நிமிடத்தில் இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. கேட்பவர் எங்கே குடியிருக்கிறார், எவ்வளவு தூரம் போகிறார், இரவில் மோட்டாரை எங்கே நிறுத்துகிறார் என்று தெரியாமல் சொல்வது ஜோசியம்தான்.

என் அக்கா மகன் கேட்டபோது இந்த மூன்றும் எனக்குத் தெரிந்திருந்தன. ரந்தாவை அடுத்த ஒரு தோட்டத்தில் அக்கா குடும்பம் இருக்கிறது. மாமாவுக்குத் தோட்டத்தில் மண்டோர் வேலை. மகனுக்குச் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. லயத்திலிருந்து செம்மண் சாலையில் இறங்கி, ரந்தாவ் சாலையைப் பிடித்து, தொழிற்சாலை போய்த் திரும்பினால் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அவனிடம் இருப்பது கடன் கட்டி முடித்த ஹோண்டா ஈஎக்ஸ்5. நம் தோட்டப்புறங்களில் அந்த மோட்டார் நிற்காத வாசல் குறைவு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அவன் தினமும் கடந்து போகும் அதே தொழிற்பேட்டை வட்டாரத்தில்தான் சாம்சங் எஸ்டிஐ நிறுவனத்தின் மின்கலத் தொழிற்சாலை இருக்கிறது. முன்பு தொலைக்காட்சிப் படக்குழாய் செய்த நிறுவனம் அது. மின்சார வாகனங்களுக்கான உருளை மின்கலங்களைச் செய்ய இரண்டாவது ஆலைக்கு 2022 ஜூலையில் அங்கே அடிக்கல் நாட்டியது. உலகத்து மின்வண்டிகளுக்கு மின்கலம் நம் சிரம்பானிலிருந்து போகிறது. அந்தச் சாலையில் காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் இன்னும் பெட்ரோல் மோட்டாரில்தான் போகிறார்கள்.

கோலாலம்பூர் நண்பர் ஒருவரின் மின்சார மோட்டாரை ஒரு வாரத்துக்குக் கடன் வாங்கினோம். 72 வோல்ட், 40 ஆம்பியர்-மணி மின்கலம். பெருக்கினால் 2.9 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான மின்சாரம் அதற்குள் அடங்கும். விளம்பரத் தாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்று போட்டிருந்தது. அது மெதுவான, ஒரே சீரான வேகத்தில் எடுத்த கணக்கு. ரந்தாவ் சாலையில் எண்ணெய்ப்பனை லாரி பின்னால் ஹாரன் அடிக்கும்போது நாற்பதில் போக யாருக்கும் துணிவு வராது. எழுபதில் ஓட்டினோம். காற்றின் எதிர்ப்பு வேகத்தோடு சேர்ந்து கூடுவதால் மின்கலமும் அதற்கேற்ப இறங்கியது. தொழிற்சாலை போய்த் திரும்பியதும் மீட்டர் 38 விழுக்காட்டில் நின்றது. அதாவது கிலோமீட்டருக்கு 40 வாட்-மணி. முழு மின்கலத்துக்கும் 70 கிலோமீட்டர் சொச்சம்தான் நம்பலாம்.

போக வரப் போதும். ஆனால் ஓவர்டைம் முடிந்து சிரம்பான் டவுனுக்கு ஒரு சுற்றுப் போய், நண்பனை நீலாயில் விட்டுவிட்டு வர நினைத்தால் போதாது. கோலப்பிலா பக்கத்திலிருந்து புக்கிட் புத்துஸ் ஏறிச் சிரம்பானுக்கு வருகிறவர்கள் இன்னும் குறைத்தே கணக்குப் போடவேண்டும். மின்கலத்தை மாற்றிக்கொள்ளும் நிலையங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கை ஒட்டித்தான் அதிகம். ரந்தாவ் கடைத்தெருவில் நான் தேடிப் பார்த்தேன், ஒன்றும் கண்ணில் படவில்லை.

இனிப் பணம். 2025 செப்டம்பர் 30 முதல் புடி95 திட்டத்தில் குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 ரிங்கிட் 99 சென். தம்பியின் ஈஎக்ஸ்5 லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தருகிறது. மாதம் 26 நாள் வேலை என்றால் 1,170 கிலோமீட்டர், 26 லிட்டர், 52 ரிங்கிட். மின்சாரத்துக்கு வாருங்கள். 2025 ஜூலைக்குப் பிறகு வந்த புதிய கட்டணத்தில், குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்குக் கிடைக்கும் ஊக்கக் கழிவைச் சேர்க்காமல், யூனிட் 44.43 சென். சார்ஜ் ஏறும்போது வீணாகும் 15 விழுக்காட்டையும் சேர்த்தால் மாதம் 54 யூனிட், 24 ரிங்கிட். பெட்ரோலில் மிச்சம் 28 ரிங்கிட். எண்ணெய் மாற்றும் செலவு இல்லை என்பதால் இன்னும் பத்துப் பன்னிரண்டு ரிங்கிட் கூட்டிக்கொள்ளுங்கள். மொத்தம் 40 ரிங்கிட்.

இந்தச் சாலையில் ஓட்டத் தகுந்த வேகமுள்ள மின்சார மோட்டார் நாங்கள் ஏறி இறங்கிய கடைகளில் எட்டாயிரம் ரிங்கிட்டுக்குக் குறையவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரை நிறுத்திவிட்டு, மாதம் 200 ரிங்கிட் போல தவணை கட்டி, 40 ரிங்கிட் மிச்சம் பிடிப்பதா? தம்பி இந்தக் கணக்கைத் தன் கைப்பேசியில் இரண்டு முறை போட்டுப் பார்த்தான். "அப்போ எனக்கு வேணாம்தானே மாமா" என்றான். முகம் கொஞ்சம் வாடித்தான் போனது.

எப்படியும் புது மோட்டார் வாங்கப் போகிறவருக்குக் கணக்கு வேறு. புது ஈஎக்ஸ்5 ஐயாயிரத்தை ஒட்டி வருகிறது. வித்தியாசம் மூவாயிரம். மாதம் 40 வீதம் அதை எடுக்க ஆறு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் மின்கலம் தளர்ந்துவிட்டால், வண்டி விலையில் பெரும்பங்கு மறுபடியும் கைவிட்டுப் போகும். ஆனால் 2023 டிசம்பரில் அரசாங்கம் தொடங்கிய ஊக்கத் திட்டம் போன்ற ஒன்றில் கழிவு கிடைத்தால் நிலைமை தலைகீழ். ஆண்டு வருமானம் 120,000 ரிங்கிட்டுக்கு மேல் போகாதவர்களுக்கு அதில் 2,400 ரிங்கிட் வரை கொடுத்தார்கள். வித்தியாசம் அறுநூறாக இறங்கினால் ஒன்றேகால் வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும். இத்தகைய கழிவுகளுக்கு ஒதுக்கீடு தீர்ந்ததும் கதவு மூடிவிடும். ஆகவே கடைக்காரரிடம் முதலில் கேட்கவேண்டியது மோட்டாரின் நிறத்தை அல்ல.

தமிழ்நாட்டு உறவினர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்து, அங்கே இவ்வளவு ஓடுகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. ஓசூரில் ஏத்தர், டிவிஎஸ், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓலா என்று பெரிய ஆலைகள் அங்கேயே இருக்கின்றன. ஊருக்கு ஊர் பழுது பார்ப்பவர்கள் உருவாகிவிட்டார்கள். அதைவிடப் பெரிய காரணம், அங்கே பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைச் சுற்றி நிற்கிறது. நம் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அங்கே லாபம் தரும் அதே வண்டி இங்கே நம் மானிய விலையோடு மோதவேண்டியிருக்கிறது.

நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அடுத்து வரும் விஷயத்துக்காகத்தான். கடன் வாங்கிய மோட்டாரை அந்த வாரத்தில் தம்பியைவிட அதிகம் ஓட்டியவர் மாமா. விடியற்காலைப் பெரட்டுக்கு மூன்று கிலோமீட்டர், பிறகு நிரை நிரையாகச் சுற்று, மாலையில் கோயில். எல்லாம் சேர்த்தாலும் நாளுக்குப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டாது. அவருடைய பழைய மோடேனாஸ் கிரிஸ் நின்று நின்று கிளம்பியே தேய்ந்துபோனது. எப்படியும் மாற்றவேண்டியதுதான். தோட்டத்துக்குள் எண்ணெய் நிலையம் கிடையாது. டவுனுக்குப் போக முடியாத நாளில் பெட்டிக்கடையில் போத்தல் பெட்ரோல். புடி95 விலை போத்தலுக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். மாமாவின் ஓட்டத்துக்கு மூன்று நாளுக்கு ஒரு முறை சார்ஜ் போட்டால் போதும். அதையும் பகலில், ஆள் விழித்திருக்கும்போது போடலாம்.

குறை இல்லாமல் இல்லை. எண்ணெய்ப்பனை மட்டையின் முள் எந்த டயரையும் விடுவதில்லை. அந்த மோட்டாரில் விசைப்பொறி பின்சக்கரத்துக்குள்ளேயே இருந்தது. சிறு ஓட்டையை அடைத்துவிடலாம், டயரையே மாற்றவேண்டும் என்றால் மின்கம்பிகளைக் கழற்றவேண்டும். ரந்தாவ் மோட்டார் கடைக்காரர் கையை விரித்தார். சத்தமில்லாமல் வருவதால் மாடுகள் ஒதுங்குவதும் இல்லை. லயத்துப் பாட்டி ஒருவர், "பேய் மாதிரி வந்து நிக்கிறியே சாமி" என்று மாமாவைத் திட்டினார்.

அக்காவின் பயம் வேறு. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்த செய்தியை அவர் மறக்கவில்லை. அந்த ஆண்டு நடந்த பல தீ விபத்துகளுக்குப் பிறகுதான் இந்திய அரசு மின்கலப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. சார்ஜர் இழுக்கும் மின்சாரம் சோறாக்கும் குக்கர் அளவுதான். ஆனால் குக்கர் அரை மணியில் அடங்கிவிடும், இது நான்கு மணி நேரம் விடாமல் இழுக்கும். பழைய கம்பி, தளர்ந்த பிளக், ஜன்னல் வழியே இழுத்த நீட்டுக்கம்பி என்றால் அந்த நான்கு மணி நேரமும் அது சூடேறிக்கொண்டே இருக்கும். நம் லயத்து வீடுகளில் திருட்டுக்குப் பயந்து மோட்டாரை முன்கூடத்தில் ஏற்றி நிறுத்துகிறோம். பிள்ளைகள் படுப்பதும் அங்கேதான். வாசல்வழியை அடைத்துக்கொண்டு சார்ஜ் போடக் கூடாது என்று அக்கா போட்ட முதல் நிபந்தனையை நான் ஆமோதித்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எண் பட்டை இல்லாமல் மலிவாக விற்கும் சிறு மின்வண்டிகளைப் பார்த்து ஏமாறவேண்டாம். இ-ஸ்கூட்டர் போன்றவற்றைச் சாலையில் ஓட்டுவதற்கு 2021 டிசம்பரிலிருந்து தடை இருக்கிறது. ஜேபிஜே பதிவு, சாலை வரி, காப்புறுதி, உரிமம் எல்லாம் பெட்ரோல் மோட்டாரைப் போலவே வேண்டும். காப்புறுதி இல்லாமல் லாரிச் சாலையில் விழுந்தால் குடும்பம் தாங்காது.

மாமா வாங்குவது என்று முடிவானதும், பாதுகாப்பான சுவர் பிளக் ஒன்று வெளியே வைக்கவேண்டும் என்ற பேச்சு வந்தது. அங்கேதான் சிக்கல். வீடு தோட்டத்துடையது. தோட்டத் தொழிலாளர்களுக்குப் போதுமான மின்சாரம் தரவேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் சொல்கிறது. அதை எழுதியபோது விளக்கும் விசிறியும் மனத்தில் இருந்திருக்கலாம், மோட்டார் இருந்திருக்காது. மின்கம்பியாளரைக் கூட்டிவந்து சுவரில் ஓட்டை போட மாமாவுக்கு உரிமை இல்லை. தாமான் வீட்டுக்காரர் இருநூறு முந்நூறு ரிங்கிட்டில் ஒரு மத்தியானத்தில் முடிக்கும் வேலை, லயத்தில் அலுவலக அனுமதிக்குக் காத்து நிற்கிறது.

கிராணியிடம் போய்க் கேட்டோம். "இதுவரை யாரும் கேட்டதில்லை. லெட்டர் கொடுங்க, பெரிய துரைக்கு அனுப்புறேன்" என்றார். மாமா சொல்லச் சொல்ல மலாயில் கடிதம் எழுதிக் கொடுத்தேன். பக்கத்து லயத்திலிருந்து இரண்டு பேர் தங்கள் பெயரையும் சேர்க்கச் சொன்னார்கள். மூன்று வீட்டுக்கும் பொதுவாக, பழைய பால் கொட்டகையின் கூரைக்குக் கீழே, தனி மீட்டரோடு ஒரு சார்ஜ் இடம் வைத்தால் போதும் என்றும் மாமா எழுதச் சொன்னார். அது அவருடைய யோசனைதான். வீட்டுக்குள் தீப்பயம் இருக்காது, கட்டணத்தில் சண்டை வராது, மழையும் படாது.

கடிதம் போய் மூன்று வாரம் ஆகிறது. போன வெள்ளிக்கிழமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பால் கொட்டகையை அளந்துவிட்டுப் போனாராம். மீட்டர் யார் பெயரில் இருக்கவேண்டும் என்று மட்டும் கேட்டாராம். தம்பி ஈஎக்ஸ்5க்குப் புது சங்கிலி போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறான்.