பிரிந்தவர்கள் சேர்ந்து பாடியபோது

உங்களைக் குறைகூறி ஒருவர் பாட்டு எழுதுகிறார். சில மாதங்கள் முன்புவரை அவர் உங்கள் காதலர். அந்தப் பாட்டுக்குப் பின்னணிக் குரல் கொடுக்க வேண்டியவரும் நீங்கள்தான். உங்களால் முடியுமா?

அமெரிக்கப் பாடகி ஸ்டீவி நிக்ஸ் 1976ஆம் ஆண்டில் அதைச் செய்தார். அவர் இடம்பெற்ற ‘ஃபிளீட்வுட் மேக்’ என்ற ராக் இசைக்குழு அப்போது பதிவுசெய்த தொகுப்பின் பெயர் ‘ரூமர்ஸ்’. வதந்திகள் என்று பொருள். 1977 பிப்ரவரி 4ஆம் தேதி வெளிவந்த அத்தொகுப்பு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 31 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. உலகெங்கும் 4 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றன. மறு ஆண்டு, ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதும் கிடைத்தது.

2004லும், 35ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2013லும் ‘ரூமர்ஸ்’ விரிவாக்கப்பட்டு மறுபடி வெளியிடப்பட்டது. முடிவடையாத பாடல்கள், முதற்கட்ட ஒலிப்பதிவுகள், கைவிடப்பட்ட முயற்சிகள் ஆகியவை அவற்றில் உள்ளன. இசைப் பிரியர்கள் மட்டுமன்றி, ஏதாவது ஒன்றைப் படைக்க விரும்பும் எந்த மாணவரும் அவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஐந்து பேர், மூன்று பிரிவுகள்

சான் பிரான்சிஸ்கோ அருகே உள்ள சாசலிட்டோவில் குழு ஒலிப்பதிவைத் தொடங்கியபோது ஐவரின் சொந்த வாழ்க்கையும் கலைந்துகொண்டிருந்தது. கிட்டார் கலைஞர் லிண்ட்சி பக்கிங்ஹமும் ஸ்டீவி நிக்சும் பிரிந்துகொண்டிருந்தனர். பேஸ் கிட்டார் வாசித்த ஜான் மெக்வியும் பியானோ வாசித்துப் பாடிய கிறிஸ்டின் மெக்வியும் மணமுறிவின் நடுவில் இருந்தனர். டிரம்ஸ் கலைஞர் மிக் ஃபிளீட்வுட்டின் திருமணமும் ஆட்டங்கண்டிருந்தது.

அவரவர் தம் மனத்தாங்கலைப் பாட்டாக எழுதினர். பக்கிங்ஹம் எழுதிய ‘கோ யுவர் ஓன் வே’ பாட்டில் தம்மைப் பற்றிய ஒரு வரி பொய் என்று நிக்ஸ் வாதிட்டார். அதை நீக்கச் சொன்னார். பக்கிங்ஹம் மறுத்தார். அந்த வரி இன்றும் பாட்டில் இருக்கிறது. நிக்சின் குரலும் அதே பாட்டில் இருக்கிறது.

பிரிவைப் பற்றி நிக்ஸ் எழுதிய பாட்டு ‘டிரீம்ஸ்’. சுமார் பத்து நிமிடங்களில் அதை எழுதி முடித்தார். முதலில் கேட்டபோது அது சலிப்பூட்டுவதாகத் தமக்குத் தோன்றியது என்று கிறிஸ்டின் மெக்வி பின்னாளில் சொன்னார். மாறாமல் திரும்பத் திரும்ப வந்த அதே சுரக்கட்டுகளிலிருந்து வெவ்வேறு பகுதிகளை உருவாக்கி, பாட்டுக்கு ஏற்ற இறக்கம் கொடுத்தவர் பக்கிங்ஹம். யாரை நோக்கி அந்தப் பாட்டு எழுதப்பட்டதோ, அவரே அதை மெருகேற்றினார். அமெரிக்கத் தனிப்பாடல் பட்டியலில் இக்குழுவுக்கு முதலிடம் பெற்றுத் தந்த ஒரே பாட்டு அதுதான்.

வலி மட்டும் போதாது

மனம் உடைந்தால் நல்ல கலை பிறக்கும் என்று பலரும் நம்புகின்றனர். மதுவும் போதைப்பொருளும் அந்த ஒலிப்பதிவு அறையில் இருந்ததைச் சிலர் கவர்ச்சியாகவும் பேசுவதுண்டு. மறுவெளியீட்டில் உள்ள பதிவுகளைக் கேட்டால் வேறொன்று புரியும்.

2013 பதிப்பில் ‘டிரீம்ஸ்’ பாட்டின் இரண்டாவது முயற்சி இருக்கிறது. ‘சாங்பெர்ட்’ பாட்டின் பத்தாவது முயற்சியும் இருக்கிறது. ‘த செயின்’ பாட்டோ பல துண்டுகளை ஒட்டிப் பிறந்தது. கிறிஸ்டின் தொடங்கிய வேறொரு பாட்டின் இறுதிப் பகுதி வைத்துக்கொள்ளப்பட்டது. மற்றவை தூக்கி எறியப்பட்டன. அந்த இடத்தில் நிக்சின் சொற்கள் சேர்ந்தன. ஒலிநாடா வெட்டி ஒட்டப்பட்டது. தொகுப்பில் ஐவரின் பெயரும் சேர்ந்து இடம்பெற்ற ஒரே பாட்டு இது. அதில் ஜான் வாசித்த பேஸ் பகுதியை பிபிசி பல ஆண்டுகளாக ஃபார்முலா 1 ஒளிபரப்பின் அடையாள இசையாகப் பயன்படுத்தியது.

திரும்பத் திரும்ப ஓட்டியதில் ஒலிநாடாவே தேய்ந்துபோனது. டிரம்ஸ் ஓசை மங்கியதைக் கவனித்த ஒலிப்பதிவாளர்கள், நல்ல நிலையில் இருந்த மற்றொரு நாடாவைக் கொண்டு பதிவைக் காப்பாற்றினர். நாடா தேயும் அளவுக்குக் கேட்டு, திருத்தி, மறுபடி வாசித்த உழைப்பால்தான் அந்த வலி பாட்டாக மாறியது.

விடுபட்ட பாட்டு

ஆனால், எல்லாருக்கும் நியாயம் கிடைக்கவில்லை. நிக்ஸ் மிகவும் நேசித்த ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ நீளமான பாட்டு. ஒரு வினைல் இசைத்தட்டின் பக்கத்தில் ஏறத்தாழ 22 நிமிடங்கள்தான் நல்ல ஒலித்தரத்துடன் அடங்கும். அதனால் அந்தப் பாட்டு நீக்கப்பட்டது. அதற்குப் பதில் நிக்சே எழுதிய, அதைவிடச் சிறிய வேறொரு பாட்டு சேர்க்கப்பட்டது. நிக்ஸ் கொதித்துப்போனார். ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ தனிப்பாடல் தட்டின் பின்பக்கத்தில் ஒதுங்கியது. அதுவும் எந்தத் தட்டு தெரியுமா? ‘கோ யுவர் ஓன் வே’!

1990களின் தொடக்கத்தில் தம் தனித்தொகுப்பில் அந்தப் பாட்டைச் சேர்க்க நிக்ஸ் விரும்பினார். ஃபிளீட்வுட் சம்மதிக்கவில்லை. நிக்ஸ் குழுவை விட்டே விலகினார். 1997ல் ஐவரும் மேடையில் மீண்டும் இணைந்தபோது பக்கிங்ஹமைப் பார்த்தபடியே அதைப் பாடினார். அந்தப் பதிவு கிராமி விருதுக்கு முன்மொழியப்பட்டது. 2004 மறுவெளியீட்டில் ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ ‘ரூமர்ஸ்’ தொகுப்பில் இடம்பிடித்தது. 27 ஆண்டுகள் கழித்து!

சேர்ந்து பாடியதால் பழைய காயங்கள் ஆறிவிட்டன என்று சொல்லிவிட முடியாது. 2018ல் பக்கிங்ஹம் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். கிறிஸ்டின் 2022ல் காலமானார். ஆனாலும், ஒருவர்மீது கோபம் இருக்கும்போதே அவருடைய படைப்புக்குத் தம் திறமையைக் குறைவின்றிக் கொடுக்க முடியும் என்பதற்கு அந்தப் பாடல்கள் சாட்சி. பேசாமல் போய்விட்ட நண்பருடன் ஒரே திட்டப்பணிக் குழுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அது எவ்வளவு கடினம் என்பது தெரியும்.

இசைச் செயலியில் ‘டிரீம்ஸ்’ பாட்டின் இரண்டாவது முயற்சியை முதலில் கேளுங்கள். பிறகு, எல்லாருக்கும் தெரிந்த இறுதி வடிவத்தைக் கேளுங்கள். இரண்டிலும் சோகம் ஒன்றுதான். இடையில் என்ன நடந்தது என்பதை உங்கள் காதே சொல்லிவிடும்.