விற்றது சிகரெட்... போறது பீர் லைசென்ஸ்! லண்டன் கடைகளில் ஒட்டப்படும் நீல நோட்டீஸ்

லண்டனில் படிக்கிற உங்க ஃப்ரெண்டு யாராவது ஒருத்தர், ஏதாவதொரு ‘ஆஃப் லைசென்ஸ்’ கடையில பார்ட் டைம் வேலை பார்த்துட்டு இருக்க வாய்ப்பு அதிகம். பால், பிரெட், லாட்டரியோட பீரும் ஒயினும் விக்கிற தெருமுனைக் கடை. பல கடைகளுக்கு ஈழத்தமிழர்கள்தான் ஓனர். அப்படி ஒரு கடையின் கண்ணாடியில, ஒருநாள் வெளிர்நீலக் கலர் A4 பேப்பர் ஒண்ணு ஒட்டியிருக்கும். கவுன்சில் ஒட்டுறது. 28 நாள் அப்படியே இருக்கும். ‘இந்தக் கடையோட லைசென்ஸை மறுபரிசீலனை செய்யப் போறோம், கருத்து இருந்தா எழுதுங்க’ன்னு அர்த்தம்.

காரணம் பெரும்பாலும் சரக்காகத்தான் இருக்கும்னு நினைப்பீங்க. பல கேஸ்கள்ல அது சிகரெட்.

இங்கதான் குழப்பமே. ஆஃப் லைசென்ஸ் கடை வெச்சிருக்கிறது மது விக்கிற லைசென்ஸ். சிகரெட் விக்க இங்கிலாந்தில் பல வருஷமா தனி லைசென்ஸே இருந்ததில்லை. 2024-ல் பார்லிமென்ட்டுக்கு வந்த புகையிலை - வேப் மசோதாவுலதான் அதுக்கு வழி இருந்தது. அப்போ சிகரெட் தப்புக்கு மது லைசென்ஸை எப்படிப் பிடுங்க முடியும்?

2003-ம் வருஷ லைசென்ஸிங் சட்டம் நாலு நோக்கங்களைச் சொல்லுது. அதுல முதலாவது, குற்றத்தைத் தடுக்கிறது. கடத்தல் சிகரெட் விக்கிறது குற்றம். குற்றம் நடக்கிற இடத்துக்கு லைசென்ஸ் எதுக்குங்கிறதுதான் லாஜிக். அந்தச் சட்டத்தோட உள்துறை கொடுத்திருக்கிற வழிகாட்டி இன்னும் ஒருபடி மேல. கடத்தல் புகையிலையை வித்தாலோ, பதுக்கினாலோ அதை ரொம்ப சீரியஸா எடுத்துக்கணும், முதல் தடவையா இருந்தாலும் லைசென்ஸ் ரத்து பத்தி யோசிக்கணும்னு சொல்லுது.

எதெல்லாம் சட்டவிரோத சிகரெட்? மூணு வகை இருக்கு. வரி கட்டாம வெளிநாட்டுல இருந்து வந்த ஒரிஜினல், பிராண்டைக் காப்பியடிச்ச போலி, கடத்தறதுக்குன்னே தயாராகிற ‘சீப் ஒயிட்ஸ்’. கண்டுபிடிக்கிறது அவ்வளவு கஷ்டமில்லை. 2017 மே மாசத்துல இருந்து எல்லா பாக்கெட்டும் பச்சையும் பழுப்பும் கலந்த ஒரே மங்கல் நிறத்துலதான் இருக்கணும். குறைஞ்சது 20 சிகரெட் இருக்கணும். பளபளன்னு கலர் பாக்கெட், வேற மொழியில எச்சரிக்கை வாசகம்னா சந்தேகமே வேண்டாம். (நம்ம ஊர்ல மாதிரி ‘ஒண்ணு குடுங்கண்ணா’ன்னு உதிரியா கேக்கிறதும் அங்க சட்டப்படி தப்பு!)

சட்டப்படி வாங்கினா ஒரு பாக்கெட் 12 பவுண்டைத் தாண்டும். கடத்தல் பாக்கெட் அதுல பாதிக்கும் கீழ கிடைக்கும். அந்த வித்தியாசம்தான் வாடகை, கரன்ட் பில்னு திணறுற சின்னக் கடைக்காரரை இழுக்குது. அவங்க கஷ்டம் புரியுது. ஆனா, அதே தெருவுல வரி கட்டி வியாபாரம் பண்ற இன்னொரு கடைக்காரருக்கும் அதே வாடகைதானே?

பிடிக்கிறது ‘ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ்’ அதிகாரிகள். முதல்ல சாதாரண கஸ்டமர் மாதிரி ஒரு ஆளை அனுப்பி வாங்கிப் பார்ப்பாங்க. அப்புறம் மோப்ப நாயோட ரெய்டு. சுவருக்குப் பின்னாடி, தரைக்கு அடியில, காந்தம் வெச்சா மட்டும் திறக்கிற ரகசிய அறையிலன்னு எங்கெல்லாமோ ஒளிச்சு வெச்சிருப்பாங்க. நாய்க்கு முன்னாடி அதெல்லாம் எடுபடாது.

28 நாள் முடிஞ்சதும், அடுத்த 20 வேலை நாளுக்குள்ள விசாரணை ஆரம்பிக்கணும். உக்காருறது ஜட்ஜ் இல்லை, மூணு கவுன்சிலர்கள். ‘அது நான் குடிக்க வெச்சிருந்தது’, ‘எனக்குத் தெரியாம ஸ்டாஃப் வித்துட்டான்’னு சொல்றதை அவங்க நிறைய கேட்டிருப்பாங்க. இன்னொரு டெக்னிக், நோட்டீஸ் வந்ததும் லைசென்ஸை மனைவி பேருக்கோ மச்சான் பேருக்கோ மாத்திட்டு, ‘இப்போ புது நிர்வாகம்’னு சொல்றது. கல்லாவில் உக்கார்றது அதே ஆள்தான்னு தெரிஞ்சா, அந்தப் பேர் மாற்றமே எதிரா திரும்பிடும்.

‘கோர்ட் என்னைக் குற்றவாளின்னு சொல்லவே இல்லையே’ன்னும் தப்பிக்க முடியாது. ஈஸ்ட் லிண்ட்சே கவுன்சில் சம்பந்தப்பட்ட ஒரு ரெஸ்டாரன்ட் வழக்குல (அது சட்டவிரோதமா ஆள் வெச்ச கேஸ்) 2016-ல் லண்டன் ஹைகோர்ட் சொன்னது இதுதான்: லைசென்ஸை ரத்து பண்ண தண்டனை ஆகியிருக்கணும்னு அவசியமில்லை. மத்தவங்க அதே தப்பைப் பண்ணாம தடுக்கிறதும் ஒரு காரணமா இருக்கலாம்.

கவுன்சிலர்கள் புது நிபந்தனை போடலாம், கடைக்குப் பொறுப்பான மேனேஜரை நீக்கலாம், மூணு மாசம் வரை லைசென்ஸை நிறுத்தி வைக்கலாம், மொத்தமா ரத்தும் பண்ணலாம். 21 நாளுக்குள்ள மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுல அப்பீல் போனா, அது முடியற வரைக்கும் கடையில பீர் விக்கலாம். ரத்து உறுதியானா மது அலமாரி மட்டும்தான் காலி. பால் விக்கலாம். வரி கட்டின சிகரெட்டைக்கூட விக்கலாம்! ஆனா, ஒயினும் பீரும் இல்லாத கடையை வாடகை கொடுத்து நடத்துறது எவ்வளவு கஷ்டம்னு எந்த ஓனரும் சொல்வார்.

இப்போ உங்க ஃப்ரெண்டு விஷயத்துக்கு வருவோம். ‘தம்பி, யாராவது கேட்டா கவுன்டருக்குக் கீழ இருக்கிறதை எடுத்துக் குடு’ன்னு ஓனர் சொல்றார். லைசென்ஸ் போறது ஓனருக்குத்தான். ஆனா, போலி சிகரெட்னா டிரேட்மார்க் சட்டத்துல கேஸ் வரும். அதுல ‘தனக்காகவோ அடுத்தவருக்காகவோ லாபம் கிடைக்க’ விக்கிற யாரும் மாட்டலாம். 18 வயசுக்குக் கீழ உள்ளவருக்கு வித்தா, கையில எடுத்துக் குடுத்தவர்தான் முதல்ல பதில் சொல்லணும். ஸ்டூடன்ட் விசாவில் இருக்கிற ஒருத்தருக்கு ஒரு கிரிமினல் கேஸ்னா என்னன்னு தனியா விளக்க வேண்டியதில்லை. அதனால, அந்த வேலை கிடைச்ச முதல் நாளே கவுன்டருக்குக் கீழ என்ன இருக்குன்னு குனிஞ்சு பார்த்துடச் சொல்லுங்க.