பழைய ரோடு பைக்கில் 28 ஏறுமா?

டிஸ்க் பிரேக் வந்த பிறகு, ரிம் பிரேக் ரோடு பைக்குகள் செகண்ட் ஹேண்டில் சல்லிசா கிடைக்குது. நல்ல கார்பன் ஃபிரேம், நல்ல கியர், எல்லாம் சரி. ஒரே சிக்கல், அதெல்லாம் 23 அல்லது 25 மி.மீ. டயரை மனசில் வெச்சு செஞ்ச பைக்குகள். இன்னைக்கு டூர் டி பிரான்ஸ்லயே 28, 30 ஓடுது. அப்போ நம்ம பைக்கில் 28 போடலாமா? ஒரு செட் அலன் கீயும் பத்து நிமிஷமும் இருந்தா பதில் உங்க கையிலேயே இருக்கு.

ஏன் அகலம் வேணும்?

ஒரே காற்றழுத்தத்தில், அகலமான டயர் தரையைத் தொடும் இடம் நீளத்தில் குறைஞ்சு அகலத்தில் கூடும். டயர் குறைவா வளையும், வீணாகும் சக்தியும் குறையும். இன்னொரு லாபம், அழுத்தத்தையே குறைக்கலாம். 25-ல் 90 பிஎஸ்ஐ தரும் அதே விறைப்பை 28-ல் சுமார் 80 தரும். கரடுமுரடான ரோட்டில் கல்லா இறுகின டயர் ஒவ்வொரு மேட்டிலும் உங்களைத் தூக்கிப் போடும். அந்த அதிர்வில் போறது உங்க காலோட உழைப்பு.

நம்ம ஊரிலேயே இதைச் சோதிக்க ஒரு ரோடு இருக்கு. ஆலம் ராக் அவென்யூவிலிருந்து மவுண்ட் ஹாமில்டன் உச்சியில் இருக்கும் லிக் வானாய்வகம் வரை சுமார் 19 மைல். 1876-ல் குதிரை வண்டிகளுக்காகப் போட்ட பாதை என்பதால் ஏற்றம் மிதமானது, வளைவுகள்தான் ஏராளம். ஏறும்போது டயர் அகலம் பெரிசா தெரியாது. இறங்கும்போது, வெடிச்ச தாரிலும் ஒட்டுப் போட்ட இடங்களிலும், நல்லாவே தெரியும்.

டயரில் இருக்கும் எண்

28 என்பது ஒரு பெயர் மாதிரிதான். நிஜ அகலத்தை ரிம்மும் சேர்ந்து தீர்மானிக்குது. ரிம்மின் உள் அகலம் ஒரு மி.மீ. கூடினா டயர் ஏறத்தாழ 0.4 மி.மீ. விரியும். என் பைக்கில் 25 என்று போட்ட டயர், 19 மி.மீ. ரிம்மில் 26.5 வருது. அதே ரிம்மில் 28 போட்டா 29.5 வரும்னு கணக்கு வெச்சுக்கலாம். புது டயர் முதல் நாளில் இன்னும் கொஞ்சம் விரியும். அதனால காத்து அடிச்சு ஒரு நாள் விட்டு அளங்க.

அலன் கீ சோதனை

டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் எல்லாப் பக்கமும் குறைஞ்சது 4 மி.மீ. இடைவெளி வேணும். 25-லிருந்து 28 போனா உயரம் சுமார் 3 மி.மீ. கூடும், பக்கத்துக்கு 1.5 மி.மீ. கூடும். ஆக இப்ப இருக்கிற டயருக்கு மேலே 4-ஐயும் 3-ஐயும் சேர்த்து நுழைச்சுப் பாருங்க. பக்கவாட்டில் 4-ஐயும் 1.5-ஐயும். பார்க்க வேண்டிய இடங்கள்: முன் ஃபோர்க்கின் தலைப்பகுதி, இரண்டு பிரேக் காலிப்பர்களின் அடிப்பக்கம், பெடல் அச்சுக்குப் பின்னால் செயின்ஸ்டேக்களின் நடு, சீட் டியூபுக்குப் பின்பக்கம். எல்லா இடத்திலும் உரசாமல் நுழைஞ்சா 28 வாங்கலாம்.

“உரசலையே, 2 மி.மீ. போதாதா?” போதாது. பைக் நிற்கும்போது எடுக்கிற அளவு அது. எழுந்து நின்னு மிதிக்கும்போது சக்கரமும் ஃபிரேமும் வளையும். ஒரு ஸ்போக் உடைஞ்சா ரிம் கோணும். ஈர டயரில் சின்னக் கல் ஒட்டி வரும். பின்பக்கம் உரசினா கார்பன் கொஞ்சம் கொஞ்சமா தேயும். முன்பக்கம் கல் சிக்கினா சக்கரம் சடார்னு நிற்கும், நீங்க ஹேண்டில்பாருக்கு மேல பறப்பீங்க. இறக்கத்தில் 35 மைல் வேகத்தில் அது நடக்கக் கூடாது.

இடம் இல்லைன்னா?

முதல்ல எது தடுக்குதுன்னு பாருங்க. காலிப்பர் மட்டும்தான்னா, அதை மாத்தினாலே போதும். ஷிமானோ 2017-ல் கொண்டு வந்த அல்டெக்ரா ஆர்8000 காலிப்பர் 28 வரை இடம் கொடுக்கும். பல பைக்குகளில் முன் ஃபோர்க்கில் இடம் இருக்கும், பின்னால் இருக்காது. அப்போ முன்னால் 28, பின்னால் 25 போடலாம். கையும் தோளும் உணர்ற அதிர்வு முன் சக்கரத்திலிருந்துதான் வருது.

சின்ன 650பி சக்கரம் போட்டா இடம் கிடைக்குமேன்னு சிலர் சொல்வாங்க. டிஸ்க் பைக்குக்கு அது சரி. ரிம் பிரேக்கில் ரிம் 19 மி.மீ. உள்ளே போயிடும், பிரேக் கட்டை எட்டாது. ஃபிரேமை அரத்தால் ராவுறதைப் பத்தி யோசிக்கவே வேண்டாம்.

எதுவுமே சரிவரலையா? மெல்லிய, நெகிழ்வான நல்ல 25 டயர் ஒரு ஜோடி வாங்குங்க. உங்க எடைக்கு ஏத்த மாதிரி அழுத்தத்தை அஞ்சு அஞ்சா குறைச்சு ஓட்டிப் பாருங்க. பள்ளத்தில் ரிம் தரையில் இடிக்கிற மாதிரி இருந்தா கொஞ்சம் கூட்டுங்க. அகல டயர் தர்ற சுகத்தில் கணிசமான பங்கு இந்தக் காத்துக் கணக்கிலேயே கிடைச்சிடும். அதுக்காக புது பைக் வாங்கத் தேவையில்லை.