புல்லாங்குழல் மாலி

டி. ஆர். மகாலிங்கம் (நவம்பர் 6, 1926 – மே 31, 1986) கர்நாடக இசைப் புல்லாங்குழல் கலைஞர். ரசிகர்கள் 'மாலி' என்று அழைத்தனர். திரைப்பட நடிகரும் பாடகருமான டி. ஆர். மகாலிங்கம் வேறொருவர்.

திருவிடைமருதூரில் பிறந்த மாலி, உறவினரான ஜால்ரா கோபால ஐயரிடம் வாய்ப்பாட்டு கற்றார். குழலுக்கு அவருக்கு குரு இல்லை. ஐந்து வயதில் தானே எடுத்து ஊதிப் பழகினார். 1933-ல் மயிலாப்பூர் தியாகராஜர் உற்சவத்தில் நடந்த முதல் கச்சேரியில் முசிரி சுப்பிரமணிய ஐயரும் பறூர் சுந்தரம் ஐயரும் அந்தச் சிறுவனுக்குப் பொன்னாடை போர்த்தினர். அதன்பின் கச்சேரி வாய்ப்புகள் தொடர்ந்து வந்தன. பாலக்காடு மணி ஐயர் போன்ற முன்னணிக் கலைஞர்கள் அவருக்குப் பக்கம் வாசித்தனர்.

மாலியின் காலம்வரை தென்னிந்தியக் குழலிசையில் சரப சாஸ்திரிகளும் அவர் மாணவர் பல்லடம் சஞ்சீவ ராவும் வகுத்த வழியே இருந்தது. குழலின் துளைகள் நிலையானவை. ஸ்வரங்களைத் தனித்தனியாக ஊதுவது எளிது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகம் கடினம். மாலி விரல்களை மாற்றிக் குறுக்காக வைத்தும், துளையைப் பாதி மூடியும், உதட்டின் கோணத்தையும் மூச்சையும் மாற்றியும் அதைச் சாதித்தார். பாடகர் பாடுவதுபோலக் கீர்த்தனையின் சொற்கள் குழலில் பிரிந்து ஒலித்தன. 'இப்படி வாசிக்கக்கூடாது' என்று தடுக்க குரு இல்லாததும் இதற்கு ஒரு காரணம் எனலாம்.

கட்டுக்குள் நில்லாத இயல்பு மேடையிலும் வெளிப்பட்டது. தாமதமாக வருவது, சிறிது நேரம் வாசித்துவிட்டு எழுந்துவிடுவது, வராமலே போவது ஆகியவை வளர்ந்த மாலியின் வழக்கமாயின. குடிப்பழக்கமும் சேர்ந்துகொண்டது. சபாக்காரர்கள் அஞ்சினர். ஆனாலும் அவர் பெயர் அறிவிக்கப்பட்டால் கூட்டம் வந்தது. சில சமயம் குழலை வைத்துவிட்டு வயலின் வாசித்தார்.

என். ரமணி (1934–2015), டி. எஸ். சங்கரன், திண்டுக்கல் எஸ். பி. நடராஜன் ஆகியோர் அவருடைய மாணவர்கள். மாலியின் பாணியை நம்பகமான கச்சேரி முறையாக்கிப் பரவலாகக் கொண்டுசென்றவர் ரமணியே.

மாலி பெங்களூரில் நெடுங்காலம் வாழ்ந்தார். அமெரிக்கப் பெண்மணி ஒருவரை மணந்து சில காலம் அமெரிக்காவிலும் இருந்தார். 1986-ல் அளிக்கப்பட்ட பத்மபூஷண் விருதை ஏற்க மறுத்தார். அதே ஆண்டில் 59 வயதில் மறைந்தார். அவர் இசையின் பெரும்பகுதி இன்று கச்சேரி ஒலிப்பதிவுகளாகவே கேட்கக் கிடைக்கிறது.