எல்லையோரச் சிறுநகரங்களுக்குக் கூட்டுத் தோட்டம் தரும் பயன் என்ன? தடையாக நிற்பது எது?

பாலக்காடு: ஓணம் நெருங்கும் நாள்களில் வாளையார், குமுளி சோதனைச் சாவடிகளைக் கடந்து தமிழகக் காய்கறி லாரிகள் கேரளத்துக்குள் செல்கின்றன. ஒட்டன்சத்திரம் சந்தையில் விலை உயர்ந்தால், பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லையோர ஊர்களிலும் அதன் தாக்கம் தெரிகிறது. இந்தச் சார்பைக் குறைக்கும் வழிகளில் ஒன்று, பெண்கள் குழுவாகச் சேர்ந்து நடத்தும் கூட்டுத் தோட்டம்.

இயங்கும் முறை

கேரள அரசின் வறுமை ஒழிப்பு இயக்கமான குடும்பஸ்ரீ, 1998ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் 10 முதல் 20 பேர் இணையும் 'அயல்கூட்டம்' அதன் அடித்தளம். இவர்களில் 4 முதல் 10 பேர் கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சேர்ந்து, தரிசு நிலத்தைக் குத்தகைக்குப் பெற்றுப் பயிரிடுகின்றனர். ஒருவர் கடனுக்கு மற்றவர்கள் பொறுப்பேற்பதால், சொந்த நிலம் இல்லாத பெண்களும் ஈடின்றி வங்கிக் கடன் பெற முடிகிறது.

பயன்கள்

விளைச்சலில் ஒரு பங்கு உறுப்பினர்களின் வீட்டுக்கும், எஞ்சியது உள்ளூர் விற்பனைக்கும் செல்கிறது. இதனால் போக்குவரத்துச் செலவும் இடைத்தரகர் பங்கும் குறைகின்றன. குப்பை சேரும் காலி மனைகள் பயன்பாட்டுக்கு வருகின்றன. வீட்டுக் கழிவு உரமாகிறது.

ஊட்டச்சத்து இன்னொரு முக்கியப் பயன். பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியில் பழங்குடியினக் குழந்தைகளின் மரணங்கள் 2013ஆம் ஆண்டு நாட்டின் கவனத்தை ஈர்த்தன. ஊட்டச்சத்துக் குறைபாடு அதன் முக்கியக் காரணமாகப் பேசப்பட்டது. அதன்பின் அங்கு குடும்பஸ்ரீ மூலம் சமுதாயச் சமையலறைகள் நடத்தப்பட்டன. ராகி, சாமை, திணை போன்ற மரபுப் பயிர்களை மீட்கச் சிறுதானிய கிராமத் திட்டமும் 2017இல் தொடங்கியது.

உள்ளூர் விதைகளைக் காப்பதிலும் இத்தோட்டங்கள் உதவ முடியும். அட்டப்பாடியின் ஆட்டுக்கொம்பு அவரை, அட்டப்பாடித் துவரை, இடுக்கி மாவட்டத்தின் காந்தளூர் - வட்டவடை வெள்ளைப்பூண்டு ஆகியவை 2022இல் புவிசார் குறியீடு பெற்றன. இத்தகைய ரகங்கள் தொடர்ந்து பயிரிடப்பட்டால்தான் நிலைத்திருக்கும்.

நிலம்தான் சிக்கல்

கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் புதிய குத்தகைகளைத் தடை செய்கிறது. 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள், உழுதவருக்கு நில உரிமை அளித்தன. ஆனால், அதே தடையால் இன்றைய பெண்கள் குழுக்களின் குத்தகை பெரும்பாலும் வாய்மொழி ஒப்பந்தமாகவே உள்ளது. தரிசைத் திருத்தி மண்ணை வளமாக்கிய பின்னர் உரிமையாளர் நிலத்தைத் திரும்பக் கேட்டால், குழுவின் உழைப்பு வீணாகிறது.

எனவே, சிறுநகரங்களில் உள்ளாட்சி அமைப்புகள் தங்கள் வசமுள்ள காலி இடங்களைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு எழுத்துப்பூர்வ அனுமதியுடன் வழங்குவது நடைமுறைக்கு ஏற்ற வழியாகும். நிலம் சில ஆண்டுகளுக்கேனும் கையில் இருக்கும் என்ற உறுதி கிடைத்தால்தான், கூட்டுத் தோட்டத்தின் பயன்கள் ஒரு பருவத்தைத் தாண்டி நிலைக்கும்.