மூட்டைக்கு முதலாளி யார்?

மூட்டை தூக்குவோருக்கு முதலாளி யார் என்னும் வினா கேட்பதற்கு எளிது. விடை கூறுவதற்கு அரிது. காலையில் ஒரு வணிகரின் அரிசி மூட்டைகளை லாரியிலிருந்து இறக்கியவர், நண்பகலில் மற்றொருவரின் மிளகாய் மூட்டைகளை அடுக்குகின்றார். மாலையில் மூன்றாமவரின் சர்க்கரையைச் சுமக்கின்றார். மூவரும் கூலி கொடுக்கின்றனர். ஆனால் மூவருள் ஒருவரும் அவரைத் தம் ஆள் என்று கூறார். கால் இடறி இடுப்பு முறிந்த அன்று, அவர் எவருடைய வாயிலில் போய் நிற்பது?

நம் நாட்டுத் தொழிற்சட்டங்கள் பலவும் ஒரு முதலாளி, ஒரு தொழிற்கூடம், ஒரு வருகைப் பதிவேடு என்னும் அமைப்பைக் கண்முன் நிறுத்தி எழுதப்பெற்றவை. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டமும், 1952ஆம் ஆண்டின் சேமநல நிதிச் சட்டமும் ஆலைத் தொழிலாளிக்கு அரணாயின. பதிவேடே இல்லாத இடத்தில் உழைப்பவரை அவை எட்டவில்லை. உழைத்து உண்ணும் மக்களுள் மிகப் பெரும்பாலோர் அத்தகையவரே. கட்டட வேலை செய்வோர், வீட்டு வேலை செய்வோர், தெருவில் இட்டிலி விற்போர், தையற்காரர், தோல் பதனிடுவோர் என்று தாராவியின் ஒரு சந்தில் நடந்தாலே அவர்களைக் காணலாம். அவர்களுள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன்னர் வந்தோரின் வழியினரும் உளர்.

இச்சிக்கலுக்கு ஒரு நல்ல விடையை முதலில் கண்டது நாம் வாழும் இம் மராட்டிய மாநிலமே என்பதை நம்மவருள் பலர் அறியார். மராத்தியில் 'மாத்தா' என்றால் தலை. தலையில் சுமப்பவர் 'மாத்தாடி' எனப்பட்டார். மஸ்ஜித் பந்தர்ப் பகுதியின் மளிகைக் கிடங்குகளிலும், துணிச் சந்தைகளிலும், இரும்புக் கடைகளிலும் சாத்தாரா முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து உழைத்த அவர்களை அண்ணாசாகேப் பாட்டீல் ஒன்று திரட்டினார். அதன் பயனாக 1969ஆம் ஆண்டில் மாத்தாடி, ஹமால் முதலிய உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் பிறந்தது.

அச்சட்டத்தின் நுட்பம் வியக்கத்தக்கது. ஒரு மூட்டைக்கு ஒரு முதலாளியைத் தேடி அலைவதை அது விட்டுவிட்டது. சந்தை முழுவதையுமே முதலாளியாகக் கொண்டது. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு வாரியம். அதில் வணிகர் தரப்பினரும் தொழிலாளர் தரப்பினரும் அரசின் தரப்பினரும் அமர்வர். தொழிலாளியும் பதிவு செய்துகொள்ள வேண்டும். வணிகரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். சுமந்த மூட்டைக்குரிய கூலியை வணிகர் தொழிலாளியின் கையில் கொடுப்பதில்லை, வாரியத்தில் செலுத்துகின்றார். அதனுடன் கூலியின்மேல் ஒரு கூடுதல் தொகையையும் செலுத்துகின்றார். பல வாரியங்களில் அது கூலியில் 30 விழுக்காட்டைத் தாண்டும். வாரியம் கூலியைத் தொழிலாளிக்கு வழங்கிவிட்டு, அக் கூடுதல் தொகையைக் கொண்டு சேமநல நிதி, பணிக்கொடை, மிகை ஊதியம், விடுமுறைச் சம்பளம், மருத்துவ உதவி ஆகியவற்றை நடத்துகின்றது. பத்து வணிகரிடம் பத்து நாள் உழைத்தவரின் கணக்கு ஒரே ஏட்டில் சேருகின்றது. மில் தொழிலாளி பெற்றதைக் கூலிக்காரரும் பெறுவதற்கு இங்ஙனம் ஒரு வழி பிறந்தது.

இம்முறை குறையற்றது என்று கூறுதல் பொருந்தாது. தொகையைச் செலுத்தாது மறைக்கும் வணிகரும் உளர். மாத்தாடி என்னும் பெயரைச் சொல்லிக்கொண்டு சுமக்காத மூட்டைக்குப் பணம் பறிக்கும் போலிகளும் உளர் என்பது நெடுநாளைய குறைபாடு. ஆயினும் அரை நூற்றாண்டைக் கடந்தும் வாரியங்கள் நின்று நடப்பதே அவற்றின் அடிப்படை செவ்வியது என்பதற்குச் சான்று.

இவ்வெண்ணம் தெற்கு நோக்கியும் சென்றது. கேரளம் 1978இல் சுமைத் தொழிலாளர்க்கெனச் சட்டம் இயற்றியது. தமிழ்நாடு 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தை இயற்றிற்று; அதன்கீழ்க் கட்டடத் தொழிலாளர்க்கென ஒரு நலவாரியம் 1994இல் அமைந்தது. பின்னர்த் தையற்காரர், முடிதிருத்துவோர், சலவைத் தொழிலாளர், பொற்கொல்லர் என ஒவ்வொருவருக்கும் வாரியங்கள் எழுந்தன. கட்டடத் தொழிலாளரின் குறை நாடு முழுவதற்கும் பொதுவானது என்று உணர்ந்தோர், நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயரைத் தலைவராகக் கொண்டு ஓர் இயக்கத்தை நடத்தினர். பத்தாண்டுக்கு மேற்பட்ட முயற்சியின் பின்னர், 1996இல் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது.

மாத்தாடிச் சட்டம் கூலியின்மேல் வரி விதித்தது. இச்சட்டங்களோ கட்டடத்தின்மேலேயே விதித்தன. கொத்தனார் போவார், சித்தாள் மாறுவார், மேஸ்திரியும் மாறுவார். கட்டடம் மட்டும் ஓடிவிடாது. ஆகவே கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை தீர்வையாகப் பெற்று, அதனைத் தொழிலாளர் நலனுக்கெனத் தனி நிதியாக வைப்பது என்று ஏற்பட்டது. ஒரு கோடி ரூபாயில் எழும் மாளிகை, ஒரு விழுக்காட்டுக் கணக்கில், அதனை எழுப்பியவர்களுக்கென ஓர் இலட்சம் ரூபாய் தருகின்றது.

பணம் வந்தது, பயன் வந்ததா? 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைப் படிப்போர் வருந்தாதிருத்தல் இயலாது. அதுவரை 37,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டப்பெற்றிருந்தது. செலவாகியதோ ஏறத்தாழ 9,500 கோடி. செலவான வகையிலும் மடிக்கணினிகளும் துணி வெளுக்கும் இயந்திரங்களும் இடம்பெற்றிருந்தன. கல் சுமக்கும் பெண்ணுக்குத் துணி வெளுக்கும் இயந்திரம்! தண்ணீர்க் குழாயே இல்லாத குடிசையில் அதனை எங்கே நிறுத்துவது?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இக்குறையின் விலை தெரிந்தது. வாரிய நிதியிலிருந்து கட்டடத் தொழிலாளர்க்கு நேரே பணம் அனுப்புமாறு மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. அப்போது அந்நிதியில் ஏறத்தாழ 52,000 கோடி ரூபாயும், பதிவேட்டில் ஏறத்தாழ 3.5 கோடிப் பெயர்களும் இருந்தன. பெயர் இருந்தவருள் பலர் ஆயிரமோ இரண்டாயிரமோ பெற்றனர். பெயர் இல்லாதவர் நெடுஞ்சாலையில் நடந்தனர். வந்த ஊரில் அவர் பதிவு செய்துகொள்ளவில்லை. பிறந்த ஊரில் செய்துகொண்டிருந்தால் அப்பயன் எல்லை தாண்டவில்லை.

நம்போன்று ஊர்விட்டு ஊர் வந்தோர்க்கு இதுவே தலையாய செய்தி. விழுப்புரத்தில் நலவாரிய அட்டை பெற்ற கொத்தனார், மும்பையில் சாரத்திலிருந்து விழுந்தால், அவ்வட்டையை இங்கே ஏற்பாரில்லை என்னும் நிலையே நெடுங்காலம் நிலவியது. 2020இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்த புதிய தொழிற்சட்டத் தொகுப்புகள், பிற மாநிலத்திற்குச் சென்ற தொழிலாளி, வேலை செய்யும் மாநிலத்திலேயே கட்டடத் தீர்வை நிதியின் பயன்களைப் பெறுவதற்கு இடமளிக்கின்றன. இது வரவேற்கத்தக்கது. ஆனால் அதே தொகுப்பு, தம் குடியிருப்புக்கென வீடு கட்டுவோர் தீர்வையிலிருந்து விலக்குப் பெறும் வரம்பை 10 இலட்சத்திலிருந்து 50 இலட்சமாக உயர்த்திவிட்டது. வீட்டுக்காரருக்கு இது மகிழ்ச்சிதான். அவ்வீட்டைக் கட்டுவோரின் நிதிக்கோ இழப்பு.

சட்டத்தின் இடமளிப்பு தானே வந்து கதவைத் தட்டாது. கட்டடத் தொழிலாளி பதிவு பெறுவதற்கு, முந்திய 12 மாதங்களுள் 90 நாள் கட்டட வேலை செய்திருத்தல் வேண்டும். வயது 18 நிரம்பி 60க்கு உட்பட்டிருத்தல் வேண்டும். 90 நாளுக்குச் சான்று யார் தருவது? ஒப்பந்தக்காரரிடம் கேட்டால், "உன் பெயரே என் கணக்கில் இல்லையே" என்பார். நம் அன்பர்களுள் வீடு கட்டுவோரும், மாடி எழுப்புவோரும், பழுது பார்ப்போரும் உளர். வேலை முடிந்த நாளில் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அவர்கள் உழைத்த நாள்களைக் குறித்து ஒரு தாளில் கையொப்பமிட்டுக் கொடுத்தால், செலவு ஒரு காசும் இல்லை. மகளின் படிப்புதவியும் பேறுகால உதவியும் அத்தாளைப் பொறுத்து நிற்பவை.

மற்றைத் தொழில் செய்வோர்க்கு 2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற 'இ-ஷ்ரம்' பதிவு உண்டு. 16 முதல் 59 வயது வரையிலானோர், ஆதாரும் வங்கிக் கணக்கும் கொண்டு பொதுச் சேவை நிலையத்தில் கட்டணமின்றிப் பதிந்து 12 இலக்க எண் பெறலாம். 30 கோடிக்கு மேற்பட்டோர் பதிந்துள்ளனர். அவருள் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். ஆனால் இவ்வெண்ணைப் பெற்றதுமே ஓய்வூதியம் வந்துவிடும் என்று சிலர் எண்ணுவது தவறு. அது பெயர்ப்பட்டியலே. ஓய்வூதியம் வேண்டுவோர், 40 வயதுக்குள் இருந்து, மாத வருவாய் 15,000 ரூபாய்க்கு மேற்படாதவராயின், 2019இல் ஏற்பட்ட ஷ்ரம் யோகி மான்தன் திட்டத்தில் தனியே சேரவேண்டும். வயதுக்கேற்ப மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை செலுத்தினால், அரசும் அதே அளவு செலுத்தும். 60 வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய் கிடைக்கும். கூலி நாள்தோறும் உறுதியில்லாதவர் இருபது ஆண்டு தவறாது கட்டுவது எளிதன்று என்பதையும் கூறாதிருக்க இயலவில்லை. மாத்தாடி முறையில் செலுத்தும் சுமை வணிகரின் தோளில் இருந்தது. இங்கே அதில் பாதி தொழிலாளியின் தோளுக்கு வந்துவிட்டது.

எஞ்சி நிற்போர் நம் இல்லங்களில் பாத்திரம் துலக்கும் பெண்டிர். தமிழ்நாடு 2007இல் அவர்களுக்கு வாரியம் அமைத்தது. மராட்டியம் 2008இல் சட்டம் செய்தது. அனைத்திந்தியச் சட்டம் ஒன்று வேண்டுமா என்று ஆராயக் குழு அமைக்குமாறு உச்சநீதிமன்றம் 2025 ஜனவரியில் பணித்தது. நாலைந்து வீடுகளில் வேலை செய்யும் பெண்ணுக்கும் மூட்டை தூக்குவோரின் சிக்கலே உள்ளது. எந்த வீடும் தன்னை முதலாளி என்று ஒப்புக்கொள்வதில்லை. வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும், நோயுற்ற நாளில் குறையாத சம்பளமும் தருவதற்கு எந்தச் சட்டத்தையும் எதிர்நோக்க வேண்டுவதில்லை. அவரை ஒரு நாள் பொதுச் சேவை நிலையத்திற்கு அழைத்துச் செல்ல நம் சங்கத்து இளைஞர் ஒருவர் போதும். ஆதாரோடு இணைந்த கைபேசி எண் அவரிடம் உள்ளதா என்று மட்டும் முன்னரே பார்த்துக்கொள்க. இல்லையெனில் கைரேகை வைத்தும் பதியலாம். ஐயம் எழுந்தால் 14434 என்னும் எண்ணில் கேட்டறியலாம்.